கையைத் தூக்கினால்தான் கரண்ட்

எங்கள் வீட்டில் யாராவது மிக்ஸி போடப் போனால் நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவேன். பெங்களூரில் மகன் வாங்கிய ஃப்ளாட்டுக்குக் குடிவந்த புதிதில் மருமகள் இதைப் பார்த்து மிரண்டுபோனாள். மாமனார் ஏதோ சாமியைக் கும்பிடுகிறார் என்று நினைத்து, தேங்காய்ச் சட்னியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளும் ஒருநாள் கும்பிட்டாள். என் மனைவிக்குக் காரணம் தெரியும். "அதெல்லாம் ஒண்ணியும் இல்லமா. அக்கா பட்டறைப் பழக்கம். நீ அரை" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட வயதில் சின்னவர். தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் பஜாரில் என் ஹார்டுவேர் கடைக்கு எதிரே மரப் பட்டறை வைத்திருந்தார். பஜாரே அக்கா என்று கூப்பிட்டது. நான் மட்டும் தனியாக வேறு பெயரா வைக்க முடியும்? அதே வழக்கத்தில் அவருடைய கணவரை பஜார் மாமா என்றது. எனக்குத் தம்பி வயதுள்ள மனிதரை நானும் வாய் கூசாமல் மாமா என்றுதான் கூப்பிட்டேன்.

பட்டறையில் அக்காவைப் பார்த்தவர்கள் கல்யாண வீட்டில் பார்த்தால் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டார்கள். சேலைக்கு மேலே மாமாவின் பழைய சட்டை. அதன் கைகளை முழங்கைக்கு மேலே வெட்டித் தைத்திருப்பார். முந்தானை, தாலி எல்லாம் சட்டைக்குள்ளே. கொண்டையின் மேல் குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி. கண்ணில் என் கடையில் வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை என்னிடம் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஜீவன் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிற வீரர்கள்.

உள்ளே ஓர் அறுப்பு மெஷின், ஓர் இழைப்பு மெஷின், துளை போடுகிற மெஷின், இரண்டு ஆட்கள். இவற்றை ஓட்டுகிற சுவிட்சுகள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அந்தந்த மெஷினின் படத்தைப் பெயின்டில் வரைந்திருந்தார். லைட் சுவிட்சுகள் மட்டும் எதிர்ச் சுவரில் தனியாக இருந்தன. மெஷின் சுவிட்சை அக்காவைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அவரும் சும்மா போட்டுவிட மாட்டார். பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு "கை!" என்று ஒரு சத்தம் போடுவார். பட்டறைக்குள் இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். ஒவ்வொரு கையாகப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச். ஒரு கை குறைந்தாலும் கரண்ட் கிடையாது. ஒருநாளில் எத்தனை தடவை மெஷின் ஓடுகிறதோ அத்தனை தடவையும் இதே கூத்து. கடையில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கே தோள்பட்டை வலிக்கும்.

இவ்வளவு பயப்படுகிற பெண்மணி கண்டிப்பாக வாங்குவார் என்று கணக்குப் போட்டு, நான் ஒருதடவை ஒரு டஜன் கையுறை வரவழைத்தேன். நல்ல சரக்கு. நானே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதை ஏதோ செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னாணா, ஆளக் கொல்லப் பாக்கறீங்களா? சுத்தற மெஷின்கிட்ட க்ளவுசா? ஒரு நூலு மாட்டிச்சின்னா கையயும் சேத்து இழுத்துக்கும். எடுத்துக்கினு போங்க முதல்ல."

அவர் சொன்னது சரிதான். ஆனால் சரக்கு வாங்கியவன் நான் இல்லையா? ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தக் கையுறைகளைக் கடைசியில் ரோஜாச் செடி வளர்க்கிற ஒரு சர்ச் ஃபாதர் தலையில் கட்டினேன்.

பட்டறை வாசலில் அக்கா ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். கோட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டுமானால் கையில், கழுத்தில், காதில் தொங்குகிற எதுவும், விரலில் மோதிரமும் இருக்கக் கூடாது. கழற்றி மாட்ட வாசல் பக்கத்தில் ஓர் ஆணி. முதலில் அக்காவின் வளையல்கள் அதில் ஏறும். அப்புறம் வருகிறவர்களின் வாட்ச், காப்பு, கறுப்புக் கயிறு, செல்போனில் பாட்டுக் கேட்கிற ஒயர் எல்லாம் ஏறும். மாலை போட்ட ஐயப்ப பக்தர் ஒருவர் பூஜைப் பலகை கேட்டு வந்தபோது, அக்கா கோட்டுக்கு உள்ளே நின்றே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, மாலைய கழட்டச் சொன்னா எனக்குப் பாவம். வெளியவே நில்லுங்க சாமி, நானே வரேன்" என்றார். பலகை அளவை இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கத்திப் பேசிக்கொண்டார்கள்.

எனக்குக் கோடுதான் எல்லை. கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரம் விரலில் இறுகிவிட்டது. மோதிரம் வளரவில்லை, நான் வளர்ந்துவிட்டேன். "உங்களுக்கு லைன் வரைக்கும்தாண்ணா" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். எதிர்க்கடைக்காரன் என்கிற மரியாதைக்குக்கூட ஓர் அடி தள்ளுபடி கிடையாது.

இதில் பெரிய கலாட்டா ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்த நாள்தான். மகளுக்குக் கட்டில் செய்யச் சொல்லியிருந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர். அக்கா சொன்னதும் வாட்சைக் கழற்றி மாட்டினார். விசில் கயிற்றைச் சட்டைக்குள் விடச் சொன்னபோதும் விட்டார். உள்ளே போய்க் கட்டில் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா "கை!" என்றார். ஆட்கள் இருவரும் கையைத் தூக்கினார்கள். இன்ஸ்பெக்டர், "ஏனம்மா இது?" என்றார். அக்கா மறுபடியும் "கை!" என்றார். அந்தக் குரலுக்கு என்ன சக்தியோ, மனிதர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். தன் அதிகாரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். லத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். சிவப்புக் கோட்டைத் தாண்டியதும் அக்கா அவரைப் பார்த்தும் "கை!" என்றார். லத்தியோடு அவரும் தூக்கினார். நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பை அடக்க முடியாமல், ஆணி எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மத்தியானம் பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸிலிருந்து சவாரி வந்த ஆட்டோக்காரர் என்னிடமே வந்து, "உங்க கடை எதிர்ல ஒரு பொம்பள துப்பாக்கி வெச்சிக்கினு போலீச மடக்கிட்டாளாமே, நெஜமா?" என்று கேட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அக்கா தன் அப்பாவைக் காட்டுவார். அவர் தங்கச் சுரங்கத்தில், ஆழத்துக்கு இறங்குகிற ஷாஃப்ட் குழியின் வாயருகே நின்று மணி அடித்தவர். ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜ் கிளம்புமுன் உள்ளே நிற்கிறவர்களைப் பார்த்து "கை!" என்பாராம். எல்லோரும் கையை உள்ளே இழுத்து மார்போடு கட்டிக்கொண்ட பிறகுதான் மணி. கம்பிக்கு வெளியே ஒரு விரல் தெரிந்தாலும் கேஜ் அசையாது. வீட்டில் அலமாரிக் கதவைச் சாத்துவதற்குக்கூட அந்த மனிதர் "கை!" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்துவாராம். மகள் அதைத்தான் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கேஜில் கையை உள்ளே இழுக்க வேண்டும், இங்கே தூக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தால் ஒருநாள் பட்டறையே நின்றுபோனது. சுரங்கத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் நாற்காலிக்குக் கால் மாற்ற வந்திருந்தார். அக்கா "கை!" என்றதும் பெரியவர் சட்டென்று இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பெரியவரே, கைய தூக்குங்க. கை!"

பெரியவர் இன்னும் இறுக்கினார். கண்ணையும் மூடிக்கொண்டார். அக்கா கத்தக் கத்த அவர் சுருங்கிக்கொண்டே போனார். ஆட்கள் தூக்கிய கையை இறக்கவும் முடியாமல் நின்றார்கள். கடைசியில் பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "நான் எப்பவோ ரெடிமா. நீ பெல்ல அடி, கீழ எறக்கு" என்றார். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்களும் இதுவரை சிரித்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பட்டறை முதலில் மாமாவுடையது. அக்கா வீட்டைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் டீ கொண்டுவந்து தருவார். அப்போது லைட், மெஷின் எல்லா சுவிட்சுகளும் ஒரே பலகையில் வரிசையாக இருந்தன. ஒருநாள் மழை இருட்டு. மாமா அறுப்பு மெஷினை நிறுத்திவிட்டு, பிளேடில் சிக்கியிருந்த மரத் துண்டைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். டீயோடு வந்த அக்கா, இருட்டில் வேலை செய்கிறாரே என்று பரிந்து, லைட் என்று நினைத்து ஒரு சுவிட்சைப் போட்டார். லைட் எரியவில்லை. மெஷின் ஓடியது. மாமாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில்கூட, "லைட்டுனு நெனச்சிப் போட்ட. வுடும்மே" என்றுதான் சொன்னாராம். காயம் ஆறியதும் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். காலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ராத்திரிதான் வருவார். வலது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள். கல்யாண வீட்டில் மொய் வைத்தாலும், போட்டோவுக்கு நின்றாலும் அது வெளியே வராது. வாங்கிவைத்த வேலைகள் பாதியில் கிடந்ததால் அக்கா மாமாவின் சட்டையை வெட்டிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் இறங்கினார். மாமா அதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து வேலையைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பட்டறைக்குள் காலை மட்டும் வைக்கவில்லை.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாமா அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டும். என் மனைவியிடம் ஒருநாள் சொல்லி அழுதார்.

"அவுரு வூட்ல என்னாண்ட நல்லாத்தான் கீறாரு. பட்டறைக்கு மட்டும் வரமாட்டேன்றாரு. அப்ப மனசுல எம்மேல ஒண்ணியும் இல்லனு நான் எப்டி நெனைக்கறது? ரெண்டு அறை வுட்டிருந்தாக்கூட நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

அதற்காக அவர் செய்யாத தந்திரம் இல்லை. மாமாவின் வார லீவான ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் ஏதாவது கெட்டுப்போகும். சாப்பாட்டு கேரியரோடு மாமா வந்து கோட்டுக்கு வெளியே நிற்பார். "பெல்ட்டு கத்துதுங்க, உள்ள வந்து பாருங்க" என்பார் அக்கா. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பெல்ட்டு இல்ல, பேரிங்கு. மாத்திடு" என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார். ஒருதடவை அக்கா துணிந்து, மரத்தூளுக்குள் பாம்பு என்று அலறினார். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் மோதிரம், காப்பு, செயின் சகிதம் கோட்டைத் தாண்டி ஓடினார்கள். மாமா மட்டும் கோட்டில் நின்றபடி, "யாரும் அடிக்காதீங்க. வழி வுட்டா அதுவே போயிடும்" என்றார். இல்லாத பாம்பை வெளியே அனுப்ப அக்கா அரைமணி நேரம் பாடுபட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா எந்தத் தந்திரமும் செய்யவில்லை. ஆட்கள் இருவரும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பேத்தமங்களாவிலிருந்து ஒரு தக்காளி விவசாயி டெம்போவோடு வந்து நின்றார். மறுநாள் விடியற்காலையில் அவருடைய புது வீட்டுக்கு வாசக்கால் நிறுத்த முகூர்த்தம். அளவில் ஏதோ தப்பு நடந்து, நீளமான ஒரு கட்டையை மறுபடியும் அறுக்க வேண்டியிருந்தது. அக்கா இந்தப் பக்கமிருந்து தள்ளினால் அந்தப் பக்கம் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். தனியாகச் செய்தால் கட்டை திருகிக்கொண்டு எகிறும்.

"நான் புடிக்கறேன்மா" என்றார் விவசாயி. அவர் மணிக்கட்டில் வேண்டுதலுக்குக் கட்டிய மஞ்சள் காப்பு. கோயில் திருவிழா முடிகிறவரை அவிழ்க்கக் கூடாது. அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்து, வேடிக்கை பார்க்க வந்து நின்ற என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கடையிலிருந்து சோப்பு, கிரீஸ், தேங்காய் எண்ணெய் எல்லாம் கொண்டுவந்தேன். கோட்டருகே நின்று மூன்று பேரும் என் மோதிரத்தோடு மல்லுக்கட்டினோம். விவசாயி என் விரலை இழுத்த இழுப்பில் எனக்கு மாமனார் மேலேயே கோபம் வந்தது. விரல் வீங்கியதுதான் மிச்சம்.

"ஒரே ஒரு வாட்டிமா. கண்டுக்காத வுடும்மா. பொழுது சாஞ்சிடும், முகூர்த்தம் போயிடும்" என்று விவசாயி கெஞ்சினார்.

"போச்சின்னா வேற முகூர்த்தம் வரும்" என்று அக்கா பெட்டியைச் சாத்தினார். அவருக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. சொன்ன நாளில் வேலையைக் கொடுக்காமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை அவர். நான் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு என் கடைக்குத் திரும்பிவிட்டேன். விவசாயி போனும் கையுமாகத் தெருவில் நின்றார்.

அப்போதுதான் மாமா கேரியரோடு வந்தார். கோட்டில் நின்றார். மெஷினையும் அதன் மேல் கிடந்த நீளக் கட்டையையும் பார்த்தார்.

"இத்த யாரு புடிக்கறது?"

"யாரும் இல்ல" என்றார் அக்கா. உள்ளே வாங்க என்று அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதோ என்னவோ.

மாமா கேரியரைக் கீழே வைத்தார். இடது மணிக்கட்டில் வாட்ச். அதைக் கழற்ற வலது கை வேண்டும். பாக்கெட்டிலிருந்து அதை எடுக்காமல், வாட்ச் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தார். பட்டை வரவில்லை. மறுபடியும் கடித்தார். அக்கா கிட்டத்தட்ட ஓடிவந்தார். அவர் கையைப் பிடித்து வாட்சைக் கழற்றி, தன் வளையல்கள் தொங்கிய அதே ஆணியில் மாட்டினார். மாமா கோட்டைத் தாண்டினார்.

அக்கா சுவிட்ச் பெட்டிக்குப் போனார். "கை!" என்றார்.

மாமா இடது கையைத் தூக்கினார்.

"ரெண்டு" என்றார் அக்கா.

"ஒரு கை தெரியுதே, போதாதாமா? டெம்போக்காரரு கத்தறாரு" என்றார் விவசாயி. அக்கா திரும்பவே இல்லை. மாமா பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து மெதுவாக மேலே தூக்கினார். அந்தக் கையைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

ஆனால் சுவிட்சைப் போடவில்லை. பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு நடந்துபோய், மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அங்கே நின்று தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். இத்தனை வருடத்தில் ஊரையே கையைத் தூக்கவைத்த அக்கா கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

"நீங்க போடுங்க" என்றார்.

"இன்னாமே இது?"

"போடுங்கன்றேன்ல."

மாமா பெட்டிக்குப் பக்கத்தில் போனார். அறுப்பு மெஷினின் படம் போட்ட சுவிட்சைப் பார்த்தார். உடனே போடவில்லை. திரும்பி அக்காவின் கைகளைப் பார்த்தார். மரத்தூள் ஒட்டிய அந்த விரல்களை ஒவ்வொன்றாக, ஒரு கையை முடித்துவிட்டு மறு கையை, அவசரமே இல்லாமல் எண்ணினார். அக்கா கைகளை இறக்கவில்லை.

"பத்தும் கீது" என்றார் மாமா. வலது கைக் கட்டைவிரலால் சுவிட்சைப் போட்டார்.

விவசாயி போனோடு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டெம்போக்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தூக்கியிருந்தார். தெருவுக்கு இந்தப் பக்கம், கடை வாசலில் நின்ற எனக்கு எந்த அவசியமும் இல்லை. வீங்கிய விரலோடு நானும் தூக்கினேன்.